வாயில்லா ஜீவனுக்கும் ஒரு ஆல்பம்



'நாய்க்கும் பூனைக்கும் போட்டோவா? இவளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாயோ பூனையோ, கன்றுக்குட்டியோ கோழியோ, ஒரு தொட்டி மீனோ வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த முறை நான் சொல்லப்போவது உதவும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் கட்டாயம் உதவும்.

முன்பெல்லாம் கேமராவில் ஒரு சுருள் போட்டால் 36 படம்தான். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று பார்த்துப் பார்த்து எடுப்போம். வீட்டு நாய்க்கு அதில் பங்கு கிடைக்காது. தப்பித்தவறிப் பந்தல் ஓரத்தில் படுத்திருந்தால் அதன் வால் மட்டும் படத்தில் விழும். இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. செல்போன் இருக்கிறது. ஒரே நாளில் நாற்பது படம் எடுக்கிறோம். ஆனால் உங்கள் போனைத் திறந்து உங்கள் நாயின் படங்களைப் பாருங்கள். பாதி ஆடிப்போயிருக்கும். சிலவற்றில் முகம் இருட்டாக இருக்கும். இன்னும் சிலவற்றில் கண் இரண்டும் பச்சையாக எரியும். நன்றாக வந்த நாலைந்து படத்திலும் 'இது எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது?' என்றால் பதில் வராது.

நாய் சாதாரணமாகப் பத்திலிருந்து பதின்மூன்று வருஷம் இருக்கும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வந்த குட்டி, அவன் கல்லூரிக்குப் போகும்போது கிழமாகிவிடும். நம் பிள்ளைகளின் முழுக் குழந்தைப் பருவத்தையும் பக்கத்திலிருந்து பார்த்த ஜீவன் அது! அதன் படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அது யார், என்ன பெயர், என்ன குணம், யார் கையால் சோறு தின்றது, இத்தனையையும் அந்தப் படம் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

கல்லில் எழுதிய பெயர்

இது புதுப் பழக்கம் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாடுபிடிச் சண்டையில் இறந்த ஒரு வீரனுக்காக நட்ட கல் அது. அந்த வீரன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். கள்ளர்கள் இருவரைக் கடித்து, இறந்த எஜமானுக்குக் காவலாக அது நின்றது என்று அந்தக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் ஆதகூர் என்னுமிடத்தில் 10-ஆம் நூற்றாண்டில் நட்ட கல்லும் அப்படித்தான். காட்டுப் பன்றியோடு சண்டை போட்டு உயிரைவிட்ட காளி என்ற வேட்டை நாயின் கதையை அது சொல்கிறது. இப்போது அந்தக் கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் விழுப்புரம் பக்கத்தில் அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களில் சண்டைச் சேவல்களுக்குக்கூடப் பழங்காலத்தில் கல் நட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் போட்டோ ஏது? உருவத்தைச் செதுக்கினார்கள். அதோடு விட்டுவிடவில்லை, எழுத்திலும் சொல்லி வைத்தார்கள். கோவிவன் என்று பெயர் வெட்டியிருப்பதால்தான் 1,400 வருஷம் கழித்தும் அந்த நாயைப் பெயர் சொல்லி நம்மால் பேச முடிகிறது. இந்தப் பாடத்தை மனசில் வைத்துக்கொண்டு படம் எடுக்கத் தொடங்குவோம்.

படம் தெளிவாக வர வேண்டுமானால்

பெரிய கேமரா எதுவும் வேண்டாம். கையில் இருக்கிற செல்போனே போதும். ஆனால் முதல் காரியமாக அதன் பின்பக்கக் கண்ணாடியை மெத்தென்ற பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். நம் கை எப்போதும் சமையலறைக் கை. எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். படம் பனி மூடியதுபோல் வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து, கீழே உட்காருங்கள். நின்றபடி மேலேயிருந்து எடுத்தால் நாய்க்குத் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் தெரியும். அதன் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு போன் வர வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் மணைப் பலகை போட்டு உட்காரலாம். பூனை சன்னல் திட்டிலோ மதில் மேலோ இருந்தால் நமக்கு இன்னும் சுலபம்.

வெளிச்சம் மிக முக்கியம். உச்சி வெயிலில் எடுத்தால் பாதி முகம் வெளுத்து, மீதி கறுத்துப்போகும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். வீட்டுக்குள் என்றால் சன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் அதன் முகத்தில் படும்படி இருக்கட்டும். வெளிச்சம் நிறைய இருந்தால்தான் ஓடுகிற நாய் ஆடாமல் படத்தில் விழும். பெரும்பாலான போன்களில் தொடர்ந்து பல படம் எடுக்கும் வசதி உண்டு. பத்து எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

ஃப்ளாஷ் போடவே போடாதீர்கள். நாய், பூனை, மாடு ஆகியவற்றின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருட்டில் நன்றாகத் தெரிவதற்காக இயற்கை கொடுத்த வசதி அது. ஃப்ளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வருவதால்தான் கண் பச்சையாகவும் மஞ்சளாகவும் எரிகிறது. அது நோயும் இல்லை, பேயும் இல்லை!

கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள், 'எப்படி எடுத்தாலும் கரித்துண்டு மாதிரி வருகிறது' என்று அலுத்துக்கொள்வார்கள். அதை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். நிழலான திண்ணையிலோ செடிகளுக்கு முன்னாலோ உட்கார வையுங்கள். பெரும்பாலான செல்போன்களில் திரையில் அதன் கண் இருக்கும் இடத்தைத் தொட்டால், சின்னச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். வெள்ளை நாய்க்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ராஜபாளையம் நாய்தான் பாலாய் வெளுத்திருக்குமே, அதற்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். 2005-ஆம் வருஷம் நம் தபால் இலாகா நாய்களுக்காக வெளியிட்ட தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அவ்வளவு பெருமை உள்ள முகத்தை வெறும் வெள்ளைத் திட்டாக எடுத்துவிடலாமா?

மீன் தொட்டி என்றால், முதலில் கண்ணாடியை உள்ளும் புறமும் சுத்தம் செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் போடுங்கள். போனைக் கண்ணாடியை ஒட்டி நேராகப் பிடித்தால் நம் முகம் அதில் தெரியாது.

கிளி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மொட்டைமாடியில் கொஞ்சம் நெல்லும் ஒரு மண் சட்டியில் தண்ணீரும் வைத்துப் பாருங்கள். தானாக வந்து உட்காரும் கிளியைத் தூரத்திலிருந்து எடுத்தால் அந்தப் படத்தின் அழகே தனி.

வேஷம் வேண்டாம்

'வித்தியாசமாக எடுக்கிறேன்' என்று சிலர் நாய்க்குச் சட்டை மாட்டி, கண்ணாடி போட்டு, தலையில் தொப்பியும் வைக்கிறார்கள். நாயின் உடம்பு நம் உடம்பு மாதிரி வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் துணியைச் சுற்றினால் அதற்கு அவஸ்தைதான். மத்தியான வேளையில் மொட்டைமாடித் தரையில் நிறுத்துவதும் கூடாது. நம் காலை வைக்க முடியாத சூடு என்றால் அதன் காலுக்கும் அப்படித்தான்.

பிறந்தநாள் கேக் முன்னால் உட்கார வைத்து எடுக்கிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாயில் ஊட்டாதீர்கள். சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம் எல்லாம் நாய்க்கு விஷம் மாதிரி. பூனையைப் பூங்கொத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால், அந்தக் கொத்தில் லில்லிப் பூ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மகரந்தம் பூனையின் மேல் ஒட்டி, அது நக்கினால்கூடச் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து.

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்துக்கொள்ளும் படம் பார்க்க அழகுதான். ஆனால் பல நாய்களுக்கு அப்படி இறுக்கிக் கட்டிக்கொள்வது பிடிக்காது. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை ஒடுக்கிக்கொள்வது, இதெல்லாம் 'போதும், விடுங்கள்' என்று அது சொல்லும் பாஷை. பூனையானால் காது பின்னால் மடங்கும், வால் நுனி சடக் சடக்கென்று ஆடும். உடனே குழந்தையைத் தூக்கிவிடுங்கள். தப்பித் தவறிப் பல்லோ நகமோ பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று இருந்துவிடக் கூடாது.

குழந்தையும் நாயும் சேர்ந்த படம் வேண்டுமானால், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கட்டும். நீங்கள் பின்னாலிருந்து எடுங்கள். முகம் தெரியாவிட்டால் என்ன? இரண்டு சின்ன முதுகும் ஒரு வாலும் தெரியும் அந்தப் படம் ஆயிரம் கதை சொல்லும்.

என்னென்ன எடுக்கலாம்?

அமெரிக்காவில் வில்லியம் வெக்மன் என்று ஓர் ஓவியர். 1970-ல் வைமரானர் ஜாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, மேன் ரே என்று பெயர் வைத்தார். 1982-ல் அது இறக்கும் வரை அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வருஷமும் ஒரே நாய்! அலுக்கவே இல்லை. அந்தப் படங்களால்தான் உலகமே அவரைத் தெரிந்துகொண்டது. நமக்குப் பேரும் புகழும் வேண்டாம். ஒரே ஜீவனைப் பல விதமாகப் பார்க்கும் அந்தக் கண் மட்டும் போதும்.

மாதாமாதம் ஒரே இடத்தில் ஒரு படம் எடுங்கள். அரிசி டிரம் பக்கத்திலோ, வாசல் படியிலோ, மாடிப்படியின் மூன்றாவது படியிலோ, எங்கே ஆரம்பிக்கிறீர்களோ அங்கேயே எடுங்கள். ஒரு வருஷம் கழித்து வரிசையாக அடுக்கினால் குட்டி வளர்ந்த கதை முழுவதும் தெரியும்.

முழு உருவத்தையே எப்போதும் எடுக்க வேண்டும் என்பதில்லை. பாதத்தின் அடிப்பக்கம், மடிந்த ஒரு காது, மூக்கு, வயிற்றில் உள்ள மச்சம், இப்படித் தனித்தனியாக எடுங்கள். மனிதருக்குக் கைரேகை போல, நாய்க்கு மூக்கின் மேலுள்ள கோடுகள் ஒன்றுக்கொன்று மாறுபடும். இந்தப் படங்களுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு நாய் ஓடிவிட்டால், 'நெற்றியில் இந்த வெள்ளைக் கோடு, இடது காதில் இந்த வெட்டு' என்று காட்டித் தேடலாம். கட்டியோ சொறியோ வந்தால், போன மாதம் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கால்நடை டாக்டருக்கும் காட்டலாம்.

அதன் ஒரு நாளைப் பத்துப் படத்தில் எடுத்துப் பாருங்கள். விடியற்காலையில் சோம்பல் முறிப்பது, பால்காரரின் மணிக்குக் காதைத் தூக்குவது, கோலத்தைச் சுற்றிப் போவது அல்லது கோலத்தின் நடுவில் படுப்பது, காய்கறி நறுக்கும்போது பக்கத்தில் தவம் இருப்பது, பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில் கேட் பக்கம் போய் நிற்பது, இரவில் யார் காலடியில் படுக்கிறது என்பது. உட்கார வைத்துப் 'போஸ்' கொடுக்கச் சொன்னால் இவை எதுவும் கிடைக்காது.

நம்மைப் பார்க்க வைக்க வேண்டுமானால், அதற்குத் தெரிந்த ஒரு சத்தம் செய்யுங்கள். டிபன் டப்பா மூடியைத் திறக்கும் சத்தமோ, பிஸ்கட் பொட்டலத்தைக் கசக்கும் சத்தமோ போதும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்குமே, அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். எடுத்து முடித்ததும் அந்தப் பிஸ்கட்டையும் கொடுத்துவிடுங்கள். ஏமாற்றினால் அடுத்த முறை திரும்பிப் பார்க்காது. அதுவும் விவரமான ஜீவன்தானே!

வீட்டையும் சேர்த்து எடுங்கள். கிணற்றடி, தென்னைமரம், மாமரத்து ஊஞ்சல், பழைய திண்ணை எல்லாம் பின்னால் தெரியட்டும். நாளைக்கு வீடு மாறுவோம், வீட்டை இடித்தும் கட்டுவோம். நாயோடு சேர்ந்து அந்த வீடும் படத்தில் இருக்கும்.

சோறு போட்ட கை

எல்லா வீட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. நாயோடு பிள்ளைகள் இருக்கும் படம் நூறு இருக்கும். அப்பா வாக்கிங் கூட்டிப்போகும் படமும் இருக்கும். ஆனால் மூன்று வேளையும் சோறு போட்டவள் எந்தப் படத்திலும் இருக்க மாட்டாள். ஏன் தெரியுமா? அவள்தான் படம் எடுத்துக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் அடுக்களையில் நின்றிருப்பாள்.

எங்கள் வீட்டில் கறுப்பன் என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. நான் அதைப் படம் எடுக்கும்போதெல்லாம் என் மாமியார், "மனுசங்களுக்கே போட்டோ எடுக்க நேரமில்ல, நாய்க்கு ஒண்ணு!" என்பார். ஆனால் அவருக்குத்தான் அதன் மேல் உயிர். இரவு எட்டு மணிக்கு மோர்ச் சோற்றைப் பிசைந்து உருட்டி, "வாடா ராசா" என்று கூப்பிட்டுக் கையில் வைத்துத்தான் கொடுப்பார். தட்டில் போட்டால் கறுப்பன் தொடவே தொடாது. ஒரு நாள் கொல்லைப்புற விளக்கு வெளிச்சத்தில் அதை எடுத்தேன். படத்தில் மாமியாரின் முகம் இல்லை. தேய்ந்துபோன வளையலோடு அவர் கை, கையில் சோறு, அண்ணாந்து பார்க்கும் கறுப்பன், அவ்வளவுதான்.

மாமியார் போய் நாலு வருஷம் ஆகிறது. அடுத்த வருஷமே கறுப்பனும் போய்விட்டது. மாமியாரை ஸ்டூடியோவில் எடுத்த பெரிய படம் கூடத்தில் மாலையோடு இருக்கிறது. ஆனால் என் நாத்தனார் ஊரிலிருந்து வரும்போதெல்லாம், "அந்தக் கையைக் காட்டு அண்ணி" என்று இந்தப் படத்தைத்தான் கேட்பார். பிசைந்த சோற்றை உருட்டும்போது அவர் சுண்டுவிரல் தனியாக நிற்கும். அது எந்த ஸ்டூடியோ படத்திலும் இல்லை. நாய்க்கு எடுத்த படத்தில்தான் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, 'நான் சோறு வைக்கும்போது எடு' என்று சொல்லுங்கள். தலை வாரவில்லையே, நைட்டியில் இருக்கிறேனே என்று கூச்சப்படாதீர்கள். தாத்தாவின் சாய்வு நாற்காலி, பாட்டியின் மடி, வேலைக்கு வரும் அம்மாவின் கை, எல்லாம் படத்தில் வரட்டும்.

ஐந்து வரி எழுதுங்கள்

மாதக் கடைசியில் ஒரு நாள் உட்காருங்கள். அந்த மாதம் எடுத்த படங்களில் ஐந்தை மட்டும் பொறுக்குங்கள். ஆடியது, மங்கியது, ஒரே மாதிரி இருப்பது எல்லாவற்றையும் தயங்காமல் அழித்துவிடுங்கள். ஐந்தில் ஒன்றிரண்டை ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதத்தில் போட்டு வாங்குங்கள். அஞ்சலட்டை அளவு போதும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வரி எழுதுங்கள். பெயர், தேதி, இடம், கூட இருப்பவர் யார், அப்போது என்ன செய்துகொண்டிருந்தது. 'கறுப்பன், கொல்லைப்புறம், அம்மா கையால் மோர்ச் சோறு, கடைசி உருண்டைக்குக் காத்திருக்கிறது' என்று இருந்தால் உங்கள் பேரப்பிள்ளைக்குக்கூட அது புரியும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். எழுத்தின் தடம் முன்பக்கம் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். தனிக் காகிதத் துண்டில் எழுதிப் படத்தின் கீழே வைப்பதுதான் நல்லது.

படத்தோடு வேறு இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஒன்று, அதன் குரல். குரைப்பது, 'மியாவ்' என்பது, குழந்தை அதைக் கொஞ்சிக் கூப்பிடுவது, இதையெல்லாம் செல்போனில் பதிவு செய்யுங்கள். இன்னொன்று, பாதத் தடம். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்குகிற களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, பாதத்தை மெதுவாக அழுத்தி எடுத்துவிட்டு நிழலில் காய வையுங்கள். உடனே காலைக் கழுவிவிடுங்கள். மைதாவும் உப்பும் பிசைந்து செய்யச் சிலர் சொல்வார்கள். அது வேண்டாம். அவ்வளவு உப்பை நாய் தின்றுவிட்டால் ஆபத்து.

பத்திரப்படுத்துவது எப்படி?

செல்போன் தண்ணீரில் விழும், தொலையும், திடீரென்று அணைந்தும் போகும். அதனால் மூன்று இடத்தில் படம் இருக்க வேண்டும். போனில் ஒன்று, பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. அக்கா வீடோ தங்கை வீடோ இருக்கவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போகும்.

காகிதப் படங்களுக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது வெயில். பரணில் தகரத்துக்கு அடியில், சமையலறைச் சுவரை ஒட்டி, மழைச் சாரல் படும் வெளிச்சுவர் அலமாரியில், இங்கெல்லாம் ஆல்பம் வைக்கக் கூடாது. படுக்கையறைப் பீரோவின் நடுத்தட்டு நல்லது. சட்டம் போட்டு மாட்டினால், கண்ணாடி படத்தின் மேல் ஒட்டாமல் இருக்க நடுவில் அட்டை வைத்துப் போடச் சொல்லுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.

1980, 90-களில் நாம் வாங்கிய ஆல்பம் நினைவிருக்கிறதா? பக்கத்தில் பசைக் கோடுகள் இருக்கும், மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுவோம். அந்தப் பசை நாளடைவில் மஞ்சளேறிப் படத்தையே பிடித்துக்கொள்ளும். பிய்த்து எடுக்காதீர்கள், கிழிந்துவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாக அறுப்பதுபோல் இழுத்தால் கழன்று வரும். வராவிட்டால் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் தாளை மட்டும் தூக்கி, சன்னல் வெளிச்சத்தில் செல்போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டு லட்சுமிப் பசு, தாத்தா வளர்த்த கோம்பை நாய் எல்லாம் அந்தப் பழைய ஆல்பத்தில்தான் ஒளிந்திருக்கும். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமும் வந்த வெள்ளத்திலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் நனைந்தன. படம் நனைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேறு இருந்தால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, படம் மேல்பக்கமாக இருக்கும்படி துணியில் பரப்பி நிழலில் காய வையுங்கள். தேய்க்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காமல் தண்ணீரில் ஊறவிட்டுப் பிரியுங்கள். அப்போதைக்கு நேரமில்லை என்றால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கெடாமல் இருக்கும். பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரிவு வரும்போது

ஓர் இளம் தாய் எனக்கு எழுதியிருந்தார். அவர்கள் வீட்டுப் பூனை இறந்துவிட்டது. 'ஐந்து வயது மகனிடம் பூனை தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன். இப்போது அவன் ராத்திரி தூங்கவே பயப்படுகிறான். பூனையின் படங்களை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டேன். சரிதானே?' என்று கேட்டிருந்தார்.

அந்தத் தாயின் மனசு எனக்குப் புரிகிறது. குழந்தை அழக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வயதுக் குழந்தைக்கு, இறந்தால் திரும்பி வராது என்பது இன்னும் சரியாகப் புரிந்திருக்காது. 'தூங்குகிறது' என்றால் நாமும் தூங்கினால் அப்படி ஆகிவிடுவோமோ என்று பயம் வரும். 'ஓடிப்போய்விட்டது' என்றால் வாசலிலேயே காத்திருக்கும். 'அதன் உடம்பு வேலை செய்யாமல் நின்றுவிட்டது, செத்துப்போய்விட்டது, இனி வராது; உன்னால் ஒன்றும் ஆகவில்லை' என்று மடியில் வைத்துக்கொண்டு எளிமையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. அழட்டும். கூடச் சேர்ந்து நாமும் அழுதால் ஒன்றும் குறைந்துவிடாது.

படங்களை ஒளிக்க வேண்டாம். பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி அதில் படங்களை ஒட்டச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். 'என் பூனைக்குத் தயிர் பிடிக்கும். ஒரு தடவை அப்பாவின் செருப்பில் படுத்துத் தூங்கியது.' இப்படிச் சொல்லிக்கொண்டே வரும்போது குழந்தை சிரிக்கும், நடுவில் அழும், மறுபடி சிரிக்கும். மனசு ஆறுவது அப்படித்தான்.

வயதான நாயை வைத்திருப்பவர்கள், முகம் நரைத்துவிட்டதே என்று படம் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நரைத்த தாடையும் மங்கிய கண்ணும் அதன் வாழ்க்கையில் சேர்ந்ததுதான். கடைசி நாளில் படம் எடுக்க வேண்டுமா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. எடுக்காவிட்டால் ஒன்றும் தவறில்லை. சாதாரண நாட்களில் எடுத்தது கையில் இருந்தால் போதும்.

இன்று சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், உங்கள் வீட்டு ஜீவனுக்கு நீங்கள் சோறு வைக்கும்போது அவர்களை ஒரே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கும் முன் அதற்கு ஐந்து வரி எழுதிவிடுங்கள். ஆல்பத்தின் முதல் பக்கம் தயாராகிவிடும். அந்த ஐந்து வரியை எனக்கும் எழுதி அனுப்புங்கள், நல்லவற்றை இந்தப் பகுதியில் எல்லோருமாகப் படித்து மகிழலாம்.

அடுத்த இதழில் சந்திப்போமா?